மிட்டாய் உருகுனது ஒரு நிமிஷம், அடுப்பு வீட்டுக்கு வந்தது இருபது வருஷம்

"நாம தினமும் கையில எடுக்கற சாமான்ல பாதி தற்செயலா கண்டுபிடிச்சதுதானாமே, அது உண்மையா, எதெல்லாம் அப்படி வந்துச்சு, கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. பாதி எல்லாம் இல்லீங்க. தற்செயல் ஒண்ணு ரெண்டு இடத்துல நிஜமாவே நடந்திருக்கு, ஆனா அந்தக் கதைங்க எல்லாமே முதல் சீனோட முடிஞ்சிடும். ஒருத்தர் எதையோ பாத்தாரு, பொறி தட்டுச்சு, உலகம் மாறிடுச்சு, முடிஞ்சது. அந்த நாளுக்கும் அந்தப் பொருள் சாதாரண ஆளு வீட்டுக்குள்ள வந்த நாளுக்கும் நடுவுல இருபது வருஷம், அம்பது வருஷம், சிலதுக்கு நூறு வருஷத்துக்கு மேல இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியில வேற யாரோ ஒருத்தர் உக்காந்து பாக்கவே போரடிக்கற ஒரு சின்னப் பிரச்சனைய தீத்திருப்பாரு. என்னைக் கேட்டா அவருதான் கதையோட ஹீரோ.

எல்லாரும் சொல்ற மைக்ரோவேவ் அடுப்புலயே ஆரம்பிப்போம். 1945, அமெரிக்காவுல ரேதியான் கம்பெனி, பெர்சி ஸ்பென்சர்னு ஒரு இன்ஜினியர், பள்ளிக்கூடப் படிப்பக்கூட முடிக்காதவரு. ரேடாருக்கு அலை உண்டாக்கற மேக்னட்ரான் பக்கத்துல நின்னுட்டிருந்தப்ப பாக்கெட்ல இருந்த மிட்டாய் உருகிடுச்சு. உடனே சோளத்த கொண்டுவந்து வெச்சு பாத்தாரு, பொரிஞ்சுது. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த மேக்னட்ரான் அங்க எப்படி வந்துச்சு? 1940ல பிரிட்டன்ல பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டியில ராண்டல், பூட்னு ரெண்டு பேரு போருக்காக உயிரக் குடுத்து செஞ்சது அது. அது இல்லன்னா உருகறதுக்கு மிட்டாய் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம். சரி, மிட்டாய் உருகிடுச்சு, அடுத்து என்னாச்சு? 1947ல வித்த முதல் மாடல் ஒரு ஆள் உயரம், 340 கிலோ வெயிட்டு, குளிர வைக்க தனியா தண்ணி பைப் இழுக்கணும், வெல ஆயிரக்கணக்குல டாலர். கப்பல்லயும் பெரிய ஹோட்டல் கிச்சன்லயும் தவிர யாரு வாங்குவா. மேக்னட்ரான சின்னதாக்கி, காத்துலயே குளிர்ற மாதிரி பண்ணி, சமையல் மேடையில வெக்கற சைஸ்ல 495 டாலருக்கு கடைக்கு வந்தது 1967ல. உருகுன மிட்டாய்க்கு 22 வயசு ஆயிடுச்சு அதுக்குள்ள.

ஒட்டாத வாணலியும் இதே மாதிரிதான். 1938ல அமெரிக்காவுல ட்யூபான்ட்ங்கற கெமிக்கல் கம்பெனியில ராய் பிளங்கெட் ஒரு சிலிண்டர தொறந்தா கேஸ் வரல, ஆனா வெயிட்டு மட்டும் கொறையல, என்னடா இதுன்னு ரம்பத்தால அறுத்து பாத்தா உள்ள வெள்ளைப் பவுடர். டெஃப்லான். அப்பட்டமான தற்செயல், ஒத்துக்கறேன். ஆனா எதுலயுமே ஒட்டாத ஒரு பொருள வாணலியில மட்டும் எப்படி ஒட்ட வைப்பீங்க? அலுமினியத்த ஆசிட்ல அரிச்சு நுணுக்கமா சொரசொரப்பாக்கி, அந்தப் பள்ளத்துல பவுடர போட்டு சூடு பண்ணி பிடிக்க வெச்சவரு பிரான்ஸ்ல மார்க் கிரெகோயர், 1954ல. அவரு அத மீன் பிடிக்கற தூண்டில் சாமானுக்கு யூஸ் பண்ணிட்டிருந்தாராம், வாணலிக்கு போடுங்கன்னு சொன்னது அவரு மனைவி.

நிஜமாவே ஒரே நாள்ல பொறந்து உடனே கடைக்கு வந்ததுன்னா தீக்குச்சியச் சொல்லலாம். இங்கிலாந்துல ஸ்டாக்டன்னு ஒரு ஊரு, அங்க மருந்துக்கடை வெச்சிருந்த ஜான் வாக்கர் 1826 வாக்குல ஏதோ ரசாயனம் கலக்கிட்டிருந்தப்ப குச்சி நுனியில காஞ்சு ஒட்டிட்டிருந்தது அடுப்புக் கல்லுல உரசி பத்திக்கிச்சுன்னு சொல்வாங்க. 1827 ஏப்ரல் 7ஆம் தேதி அவரு கணக்கு நோட்டுல முதல் வியாபாரம் எழுதியிருக்கு. பேட்டன்ட் வாங்கச் சொல்லியும் வாங்கல, சீக்கிரமே லண்டன்ல ஒருத்தரு காப்பி அடிச்சு வேற பேர்ல வித்தாரு. இதுல வேடிக்கை என்னன்னா லைட்டர் தீக்குச்சிக்கு முன்னாடியே வந்துடுச்சு, 1823லயே ஜெர்மன் கெமிஸ்ட் டோபரெய்னர் துத்தநாகமும் ஆசிடும் சேத்து ஹைட்ரஜன் உண்டாக்கி அத பிளாட்டினம் மேல அடிச்சு தீ வர வெச்சாரு. மேஜை மேல வெக்கற சைஸ்ல ஒரு கண்ணாடி ஜாடி லைட்டர்.

வாக்கரோட குச்சி கடாபுடான்னு வெடிச்சு தீப்பொறி தெறிக்கும், நாத்தம் வேற. அதனால சில வருஷத்துலயே வெள்ளை பாஸ்பரஸ் போட்ட குச்சி வந்துச்சு, எதுல உரசினாலும் பத்திக்கும், ஜனங்களுக்கு அதுதான் பிடிச்சுது. ஆனா அத செய்யற ஃபேக்டரியில வேல பாத்த பொண்ணுங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் அந்தப் புகை பல்லு வழியா எறங்கி தாடை எலும்பே அழுகிப் போச்சு. லண்டன்ல 1888ல தீக்குச்சிப் பொண்ணுங்க சுமார் 1,400 பேரு வேலைய நிறுத்திட்டு தெருவுக்கு வந்தாங்க, அபராதம், அடிமாட்டுக் கூலி, இந்தப் புகை எல்லாத்துக்கும் சேத்துதான். கொடுமை என்னன்னா அதுக்கு மாத்து அதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே கையில இருந்துச்சு. 1844லயே ஸ்வீடன்ல குஸ்தாஃப் பாஷ் ஒரு யோசன பண்ணாரு: எல்லா மருந்தையும் குச்சி தலையிலயே வெக்காம, பாஸ்பரஸ மட்டும் பிரிச்சு பெட்டியோட பக்கவாட்டுல தடவு. லுண்ட்ஸ்ட்ரோம்னு ரெண்டு அண்ணன் தம்பி சிவப்பு பாஸ்பரஸ வெச்சு அத வியாபாரமாக்கினாங்க. சிவப்பு பாஸ்பரஸ் அந்த விஷத்தன்மை இல்லாதது. ஆனா வெல ஜாஸ்தி, அந்தப் பெட்டி இருந்தாத்தான் பத்தும், அதனால மக்கள் பழசையே வாங்கிட்டிருந்தாங்க. 1906ல சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு வெள்ளை பாஸ்பரஸ் குச்சிய தடை பண்ண ஆரம்பிச்சப்புறந்தான் அது ஒழிஞ்சது. கண்டுபிடிப்பு இருந்தும் சட்டம் வர அறுபது வருஷம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச தையல் மிஷின் கதை. இதுல யாரு கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு பேரு சொன்னா கண்டிப்பா தப்பாத்தான் இருக்கும். பிரான்ஸ்ல பார்த்தலெமி திமோனியே 1830ல பேட்டன்ட் வாங்கி, பாரிஸ்ல 80 மிஷின் போட்டு ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தெச்சாரு. அடுத்த வருஷமே டெய்லருங்க கும்பலா வந்து நம்ம பொழப்புல மண்ண போடறியான்னு மிஷின அத்தனையும் அடிச்சு நொறுக்கிட்டாங்க. மனுஷன் கடைசியில வறுமையிலதான் செத்தாரு. அவரோட மிஷின் போட்டது ஒரே நூல் சங்கிலித் தையல், ஒரு முனைய இழுத்தா சரசரன்னு மொத்தமும் பிரிஞ்சு வந்துடும். அதுக்கு தீர்வு மேல்நூல் கீழ்நூல்னு ரெண்டு நூலு. மேல்நூல் துணிக்குள்ள எறங்கி ஒரு வளையம் போடும், அதுக்குள்ள கீழ்நூல் புகுந்து லாக் ஆயிடும். இதுக்கு ஊசிக் காது பின்னாடி இருந்தா ஆகாது, முனையிலயே இருக்கணும். கையால தெக்கறவங்க ஆயிரக்கணக்கான வருஷமா பாத்தது பின்னாடி காதுதானே, அத முன்னாடி கொண்டு வரணும்னு தோணறதுதான் இங்க பெரிய விஷயமே.

அது முதல்ல தோணுனது நியூயார்க்ல வால்டர் ஹன்ட்டுக்கு, 1833 வாக்குல. பேட்டன்ட் வாங்கல. தையல் கூலி வேல பாக்கற பொம்பளைங்களுக்கு சோறு போயிடும்னு விட்டுட்டதா சொல்றாங்க. இதே ஹன்ட்டுதான் 1849ல ஒரு கம்பித்துண்ட முறுக்கி சேஃப்டி பின் செஞ்சு, 15 டாலர் கடன அடைக்கறதுக்காக அந்த பேட்டன்ட்ட 400 டாலருக்கு வித்தவரு. நல்ல மனுஷன், வியாபாரம் சுத்தமா வராது.

அப்புறம் எலியாஸ் ஹோவ். 1845ல பாஸ்டன்ல கையால தெக்கற அஞ்சு பேரோட போட்டி போட்டு மிஷினால ஜெயிச்சு காட்டினாரு, கூட்டம் கை தட்டுச்சு, ஒரு மிஷின்கூட விக்கல. வெல 300 டாலர்னா எவன் வாங்குவான். 1846ல பேட்டன்ட் வாங்கிட்டு இங்கிலாந்து போயி அங்கயும் நொந்து திரும்பி வந்து பாத்தா, ஐசக் சிங்கர்னு ஒரு நாடக நடிகர் உட்பட பல பேரு அவரோட ஊசியப் போட்டு மிஷின் வித்துட்டிருக்காங்க. கேஸு மேல கேஸு. கடைசியில 1856ல ஹோவ், சிங்கர் உட்பட நாலு தரப்பும் சண்ட போட்டு ஓஞ்சு, எல்லா பேட்டன்ட்டையும் ஒரே பொதுக் குண்டான்ல போட்டு ராயல்ட்டி பங்கு போட்டுக்கிட்டாங்க. இன்னைக்கு ஃபோன் கம்பெனிங்க பேட்டன்ட்ட சேத்து வெச்சு பகிர்ந்துக்கறாங்களே, அதுக்கு இதுதான் முன்னோடி.

ஆனாலும் மிஷின் வீட்டுக்குள்ள வரல பாருங்க. அப்பவும் நூறு டாலருக்கு மேல. அங்கதான் நான் ஆரம்பத்துல சொன்ன போரடிக்கற ஆள் வர்றாரு. சிங்கரோட பார்ட்னர் எட்வர்ட் கிளார்க், வக்கீலு, ஒரு ஸ்க்ரூகூட முடுக்கத் தெரியாது. அதே 1856ல அவரு சொன்னது: முன்பணமா அஞ்சு டாலர் குடு, மிஷின எடுத்துட்டு போ, மீதிய மாசா மாசம் கட்டு. ஒரே வருஷத்துல விற்பனை கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆச்சு. கையால ஒரு சட்டை தெக்க 14 மணி நேரம், மிஷின்ல ஒண்ணேகால் மணி நேரம்னு அந்தக் காலத்துல ஒரு கம்பெனியே கணக்கு போட்டு காட்டுச்சு. இந்த வித்தியாசம் ஏழை வீட்டுக்கு வந்து சேந்தது ஊசியால பாதி, தவணையால பாதி. இன்னைக்கு ஃபோனுலருந்து டிவி வரைக்கும் ஈஎம்ஐல வாங்கறோமே, அந்தப் பழக்கத்த வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வந்ததுல அந்த வக்கீலுக்கு பெரிய பங்கு இருக்கு.

டின்ல அடைச்ச சாப்பாடு பத்தியும் சொல்லணும். பிரான்ஸ்ல நிக்கோலா அப்பேர்னு ஒரு மிட்டாய்க்காரரு கண்ணாடி பாட்டில்ல சாப்பாட்ட போட்டு, கார்க் அடிச்சு, வெந்நீர்ல கொதிக்க வெச்சா மாசக்கணக்குல கெடாதுன்னு வருஷக்கணக்கா செஞ்சு பாத்து கண்டுபிடிச்சாரு. 1810ல அரசாங்கம் 12,000 ஃபிராங்க் குடுத்துச்சு, ஒரே நிபந்தனை, செய்முறைய புக்கா போட்டு ஊருக்கே சொல்லிடணும். ஏன் கெடலன்னு அவருக்கே தெரியாது, அதுக்கு லூயி பாஸ்டர்ங்கற விஞ்ஞானி வந்து கிருமி பத்தி சொல்ற வரைக்கும் இன்னும் அம்பது வருஷம் காத்திருக்கணும். அதே 1810ல இங்கிலாந்துல பீட்டர் டியூரன்ட் தகர டின்னுக்கு பேட்டன்ட் வாங்கி, 1813ல லண்டன்ல டாங்கின், ஹால்னு ரெண்டு பேரு ஃபேக்டரியே போட்டுட்டாங்க.

டின்ன எப்படி தொறக்கறது? அத யாரும் யோசிக்கல! கனமான இரும்புத் தகடு, உள்ள இருக்கற கறியவிட டின்னு வெயிட்டா இருந்த காலமெல்லாம் உண்டு. 1824ல ஆர்க்டிக் போன வில்லியம் பாரிங்கற ஆங்கிலேய மாலுமியோட கப்பல் டின்னுல உளி சுத்தியல் வெச்சு மேல ஓரமா வெட்டி எடுக்கவும்னு எழுதியே இருந்துச்சு. சிப்பாய்ங்க துப்பாக்கி முனையில இருக்கற கத்தியால குத்தி தொறந்தாங்க. தகடு மெலிசான பிறகு 1855ல இங்கிலாந்துல ராபர்ட் யேட்ஸ், 1858ல அமெரிக்காவுல எஸ்ரா வார்னர்னு ஓப்பனர் வந்துச்சு. இப்ப நமக்கு பழக்கமான சக்கரம் சுத்தற டைப் 1870ல. சாப்பாட்ட உள்ள வெக்கத் தெரிஞ்சு நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வெளிய எடுக்க கருவி.

ஜிப்பு பத்தி சுருக்கமா. 1893ல விட்கோம்ப் ஜட்சன் சிகாகோ கண்காட்சியில கொக்கி டைப்ல ஒண்ணு காட்டினாரு, இழுத்தா பாதியில புட்டுக்கும், பேன்ட்ல போட்டா மானம் போயிடும். அவரு 1909ல இறந்துட்டாரு. ஸ்வீடன்லருந்து வந்த கிடியன் சுண்ட்பேக்தான் 1913ல கொக்கிய தூக்கிப் போட்டுட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பல்லு, ஒவ்வொரு பல்லுக்கும் மேல ஒரு மேடு கீழ ஒரு குழி, இன்ச்சுக்கு பத்து பல்லுன்னு மாத்தினாரு. 1923ல குட்ரிச் கம்பெனி தன்னோட ரப்பர் பூட்ஸுக்கு அத போட்டு ஜிப்பர்னு பேரு வெச்சுது. துணிக்கடை பக்கம் வந்ததெல்லாம் முப்பதுகள்லதான்.

ஃப்ளஷ் டாய்லெட் பத்தி சொன்னா தாமஸ் கிராப்பர்னு ஒரு பேரு உடனே வரும். அவரு நல்ல பிளம்பர், நல்ல வியாபாரி, கண்டுபிடிச்சது அவரில்ல. 1596லயே இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தோட ஞானமகன் ஜான் ஹாரிங்டன் தண்ணித் தொட்டி வால்வெல்லாம் வெச்சு ஒண்ணு செஞ்சிருக்காரு. ஏன் 200 வருஷம் யாரும் சீண்டல? நாத்தம். குழி இருக்கு, குழாய் இருக்கு, குழியோட நாத்தம் அந்தக் குழாய் வழியா நேரா வீட்டுக்குள்ள. 1775ல அலெக்சாண்டர் கம்மிங்னு ஒரு கடிகாரம் செய்யறவரு அந்தக் குழாய எஸ் மாதிரி வளைச்சாரு, அவ்ளோதான். வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நின்னுட்டே இருக்கும், அந்தத் தண்ணியே கதவு. இன்னைக்கு வாஷ்பேசின் அடியில குனிஞ்சு பாத்தீங்கன்னா அதே வளைவுதான். மனுஷன் செஞ்சதுலயே காசு செலவில்லாத, ஓடற பார்ட்டே இல்லாத, பிரமாதமான கண்டுபிடிப்பு எதுன்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன்.

ஆனா வளைச்ச குழாய் வந்ததால உடனே எல்லாம் சுத்தம் ஆயிடல, மோசம்தான் ஆச்சு! லண்டன்ல ஃப்ளஷ் டாய்லெட் பெருகப் பெருக தண்ணி ஜாஸ்தியாகி, குழியெல்லாம் நிரம்பி, சாக்கடை வழியா எல்லாம் தேம்ஸ் நதிக்கு போச்சு, அதே தேம்ஸ்லருந்துதான் குடிதண்ணி கம்பெனிங்க தண்ணி எடுத்தாங்க. காலரா 1848-49ல மட்டும் லண்டன்ல 14,000 பேருக்கு மேல கொண்டுபோச்சு. 1851 பெரிய கண்காட்சியில ஜார்ஜ் ஜென்னிங்ஸ் பொது டாய்லெட் வெச்சு 8,27,280 பேரு ஆளுக்கு ஒரு பென்னி குடுத்து போனாங்கன்னு கணக்கு இருக்கு, அதுவும் எங்க போச்சு, ஆத்துக்குத்தான். 1854ல டாக்டர் ஜான் ஸ்னோ ஒரு தெரு பம்ப்புத் தண்ணிதான் காலராவுக்கு காரணம்னு வீடு வீடா கணக்கெடுத்து காட்டியும் பெரும்பாலானவங்க நம்பல. 1858 கோடையில நதி நாத்தம் தாங்காம பார்லிமென்ட் ஜன்னல் திரைச்சீலைய பிளீச்சிங் கரைசல்ல நனைச்சு தொங்கவிட்டாங்க. தன் மூக்குக்கு வந்தப்புறந்தான் எம்பிக்களுக்கு உறைச்சுது, உடனே பணம் ஒதுக்கி ஜோசப் பேசல்ஜெட்ங்கற இன்ஜினியர் கையில குடுத்தாங்க. 130 கிலோமீட்டருக்கு மேல பெரிய செங்கல் சாக்கடை, அதுல வந்து சேர ஆயிரத்துக்கு மேற்பட்ட மைலுக்கு தெருச் சாக்கடை. 1866ல லண்டன்ல கடைசியா காலரா வந்துச்சு, எங்கன்னா அந்த லைன் இன்னும் போய்ச் சேராத கிழக்குப் பகுதியில. இதவிட தெளிவான நிரூபணம் வேணுமா.

பல்புக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால ரொம்ப இழுக்கல. கம்பியில கரன்ட் விட்டா ஒளிரும்னு ஹம்ஃப்ரி டேவி 1800களோட ஆரம்பத்துலயே காட்டிட்டாரு. காத்து பட்டா கம்பி எரிஞ்சுடும், அதான் சிக்கல். ஹெர்மன் ஸ்ப்ரெங்கல் 1865ல பாதரசம் சொட்டு சொட்டா விழுந்து காத்த இழுத்துட்டு போற பம்ப்பு செஞ்சாரு, அதுக்கப்புறந்தான் நல்ல வெற்றிடம் கெடச்சுது, இங்கிலாந்துல ஜோசப் ஸ்வான், அமெரிக்காவுல எடிசன் ரெண்டு பேருமே 1879ல ஜெயிச்சாங்க. எடிசன் திருடிட்டாருன்னு ஒரு குரூப்பு கிளம்பிடுச்சு இப்ப, அதுவும் நியாயமில்ல. அவரு செஞ்சது பல்பு மட்டுமில்லீங்க, ஜெனரேட்டர், பூமிக்கடியில கேபிள், ஃபியூஸ், மீட்டர்னு மொத்த சிஸ்டம். 1882 செப்டம்பர் 4ல நியூயார்க் பேர்ல் தெருவுல ஆன் பண்ணப்ப 80 சொச்சம் கஸ்டமர், 400 பல்பு. மீட்டர்னா என்ன தெரியுமா, ஒரு ஜாடிக்குள்ள துத்தநாகத் தகடு, கரன்ட் போகப் போக ஒண்ணு கரைஞ்சு இன்னொண்ணுல படியும், மாசம் ஒருக்கா வந்து தராசுல நிறுத்து பில் போடுவாங்க! திருகி மாட்டற அந்த பல்பு அடிப்பாகம்கூட அவரு காலத்து டிசைன்தான், இன்னைக்கு எல்ஈடி பல்புலயும் அதே திருகு.

ஃப்ரிட்ஜ் கொஞ்சம் இருண்ட கதை. முதல்ல குளிர்னா வெட்டி எடுத்த ஐஸ். ஃபிரடெரிக் டியூடர்னு பாஸ்டன்காரரு 1806ல ஏரி ஐஸ வெட்டி கப்பல்ல கரீபியன்ல இருக்கற மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினாரு, ஊரே சிரிச்சுது, நஷ்டமும் ஆச்சு, அப்புறம் மரத்தூள் போட்டு மூடினா உருகறது கொறையும்னு புரிஞ்சு கோடீஸ்வரர் ஆனாரு. மிஷின்ல குளிர் உண்டாக்க ஜேக்கப் பெர்கின்ஸ் 1834லயே பேட்டன்ட் வாங்கிட்டாரு. திரவம் ஆவியாகும்போது சூட்ட உறிஞ்சும், அந்த ஆவிய அமுக்கி மறுபடி திரவமாக்கி அந்தச் சூட்ட வெளிய தள்ளு, திரும்ப சுத்தவிடு. இன்னைக்கு வரைக்கும் கொள்கை அதேதான். அப்போ ஏன் வீட்டுக்கு வர இன்னும் தொண்ணூறு வருஷம்? உள்ள சுத்தற கேஸ் அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைட், மெத்தில் குளோரைடுன்னு எல்லாமே விஷம். ஃபேக்டரியில பரவால்ல, வீட்டு சமையக்கட்டுல ராத்திரி லீக் ஆச்சுன்னா குடும்பமே போயிடும், போயும் இருக்கு. பெர்லின்ல அப்படி ஒரு குடும்பம் செத்துப்போன செய்திய படிச்சுட்டு ஒருத்தர் மனசு கேக்காம தன் நண்பரோட சேந்து லீக்கே ஆகாத ஃப்ரிட்ஜ் டிசைன் பண்ணாரு. அந்த ஒருத்தர் ஐன்ஸ்டீன், நண்பர் லியோ சிலார்ட். நிஜமாத்தான். ஓடற பார்ட்டே இல்லாம உலோகத் திரவத்த காந்தத்தால தள்ற பம்ப்புன்னு போச்சு யோசனை. ஃப்ரிட்ஜா கடைக்கு வரல, அந்த மாதிரி பம்ப்பு பின்னாடி அணு உலையில உபயோகப்பட்டுச்சு.

வழிய தொறந்தது தாமஸ் மிட்ஜ்லி. 1928ல குளோரினும் ஃபுளோரினும் சேந்த ஒரு கேஸ கண்டுபிடிச்சாரு, எரியாது, விஷமில்ல, நாத்தமில்ல. 1930ல கெமிஸ்ட்டுங்க கூட்டத்துல அத மூச்சுல இழுத்து, அதே மூச்ச ஊதி மெழுகுவத்திய அணைச்சு காட்டினாரு. ஃப்ரியான்னு பேரு வெச்சு வித்தாங்க, ஃப்ரிட்ஜும் ஏசியும் வீட்டு சாமான் ஆச்சு. ஏசியும்னு சொல்லும்போது ஒண்ணு, 1902ல வில்லிஸ் கேரியர் அத செஞ்சது மனுஷனுக்கு இல்ல, புரூக்ளின்ல ஒரு பிரின்டிங் பிரஸ்ல ஈரப்பதத்தால பேப்பர் விரிஞ்சு சுருங்கி கலர் தள்ளிப்போச்சு, அந்தப் பேப்பருக்காக. மிட்ஜ்லிக்கு வருவோம். பெட்ரோல்ல ஈயம் கலக்கறதையும் 1921ல கொண்டு வந்தவரு இவரேதான். 1974ல மொலினா, ரோலண்ட்னு ரெண்டு பேரு இந்த கேஸ் மேல போயி ஓசோன அரிக்கும்னு எழுதினாங்க, கம்பெனிங்க நக்கல் பண்ணாங்க, 1985ல அன்டார்க்டிகா மேல ஓட்டையே தெரிஞ்சுது, 1987ல அந்த கேஸ கட்டுப்படுத்த மான்ட்ரியல் ஒப்பந்தம். மிட்ஜ்லி எதையும் பாக்கல. போலியோ வந்து படுத்தவரு தன்ன தூக்கி நிறுத்த கயிறும் கப்பியும் வெச்சு ஒரு கருவி செஞ்சாரு, 1944ல அதே கயிறு கழுத்துல சுத்தி செத்துப்போனாரு. அவர வில்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல, அவரு காலத்துல அந்த கேஸ் நிஜமாவே உயிர காப்பாத்துச்சு. ஈயம் வேற விஷயம், அது விஷம்னு அப்பவே தெரியும்.

பால்பாயின்ட் பேனாவுல பிரச்சனை நுனியில உருளற குண்டு இல்ல, இங்க். 1888லயே ஜான் லவுட் தோல் மேல குறி போட குண்டுப் பேனாவுக்கு பேட்டன்ட் வாங்கினாரு, பேப்பர்ல எழுத ஆகல. தண்ணி மாதிரி இங்க் விட்டா ஒழுகும், கெட்டியா விட்டா வராது. ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பீரோ பத்திரிகையில வேல பாத்தவரு, பேப்பர் அச்சடிக்கற இங்க் சட்டுனு காயுதே, இத பேனாவுல போட்டா என்னன்னு யோசிச்சாரு. கெமிஸ்ட்ரி தெரிஞ்ச அவரு கூடப்பொறந்த கியோர்கி இங்க் பக்கத்த பாத்துக்கிட்டாரு. 1938ல பேட்டன்ட், அப்புறம் யூதர்ங்கறதால ஐரோப்பாவ விட்டு அர்ஜென்டினாவுக்கு ஓடி 1943ல அங்க இன்னொரு பேட்டன்ட். உயரத்துல பறக்கும்போது மைப்பேனா கக்கிடும், இது கக்காதுன்னு பிரிட்டிஷ் விமானப்படை 30,000 வாங்குச்சு. 1945 அக்டோபர் 29 நியூயார்க்ல ஒரு பெரிய கடையில ரெனால்ட்ஸ்ங்கறவரு பீரோவோட பேனாவ காப்பி அடிச்சு 12.50 டாலருக்கு விக்க, முதல் நாளே ஆயிரக்கணக்குல போச்சு, வாங்குனவங்க சட்டைப் பையெல்லாம் இங்க். ஒழுகாம, மலிவா, தூக்கிப் போட்டா வருத்தமில்லாத மாதிரி செஞ்சவரு மார்செல் பிக், 1950 டிசம்பர்ல. சுவிட்சர்லாந்துல வாட்ச் பார்ட்டு கடையற மாதிரி நுணுக்கமான மிஷின வெச்சு குண்ட கச்சிதமா ஒக்கார வெச்சதுதான் ரகசியம். இங்கிலாந்துல இன்னைக்கும் பேனாவுக்கு பீரோன்னுதான் பேரு, அர்ஜென்டினாவுல அவரோட பொறந்த நாள் செப்டம்பர் 29 கண்டுபிடிப்பாளர் தினம்.

கடைசியா பார்கோடு. 1948ல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு சூப்பர்மார்க்கெட் முதலாளி காலேஜ் டீன்கிட்ட பில் போடறத வேகமாக்க வழி பண்ணுங்கன்னு கேட்டது பெர்னார்ட் சில்வர்ங்கற ஸ்டூடன்ட் காதுல விழுந்துச்சு, நண்பர் ஜோசப் வுட்லேண்ட்கிட்ட சொன்னாரு. வுட்லேண்ட் மயாமி பீச்சுல உக்காந்து மணல்ல தந்திக்கு யூஸ் பண்ற மோர்ஸ் குறியீட்டோட புள்ளியும் கோடும் குத்தி, சும்மா விரலால கீழ இழுத்தாரு, புள்ளியெல்லாம் மெல்லிசு கோடு, கோடெல்லாம் தடிச்ச கோடு. இது உங்க தற்செயல் லிஸ்ட்ல சேத்துக்கலாம். 1952ல பேட்டன்ட் வந்துச்சு, படிக்கத்தான் எதுவும் இல்ல. 500 வாட் பல்பு வெச்சு பாத்தாங்க, பேப்பர் கருகிச்சு. பேட்டன்ட்ட 15,000 டாலருக்கு வித்துட்டாங்க. 1960ல லேசர் வந்து, கம்ப்யூட்டர் மலிவாகி, ஐபிஎம்ல ஜார்ஜ் லாரர் இப்ப நாம பாக்கற நெட்டுக்குத்தான கோடு வடிவத்த போட்டு, 1974 ஜூன் 26 காலையில ஒஹையோவுல டிராய் ஊர்ல ஒரு சூயிங்கம் பாக்கெட்ட ஸ்கேன் பண்ணப்ப முதல் பீப் கேட்டுச்சு. சில்வர் 1963லயே போய்ச் சேந்துட்டாரு.

அதோட பேரப்பிள்ள கியூஆர் கோடு 1994ல ஜப்பான்ல டென்சோங்கற கார் பார்ட்டு கம்பெனியில மசாஹிரோ ஹாரா செஞ்சது, கார் பார்ட்டு எண்ண. ஒரு பெட்டியில பத்து பார்கோடு ஒட்டி பத்தையும் ஸ்கேன் பண்ணி ஊழியருங்க நொந்துட்டாங்க. கருப்பு வெள்ள காய் வெச்சு ஆடற கோ ஆட்டத்துலருந்து அவருக்கு வடிவம் தோணுச்சு, ஆனா வேலையே அதுக்கப்புறந்தான்: கியூஆர் கோடு எங்க இருக்குன்னு மிஷின் எப்படி கண்டுபிடிக்கும்? மூணு மூலையில சதுரம் வெக்கலாம், சரி, ஆனா அச்சடிச்ச வேற ஏதாவது அதே மாதிரி இருந்தா குழம்பிடுமே. அதனால அவரோட டீம் நோட்டீசு, பத்திரிகை, அட்டைப்பெட்டின்னு கெடச்ச அச்சையெல்லாம் எடுத்து கருப்பு வெள்ள அளவு என்னென்ன விகிதத்துல வருதுன்னு எண்ணிப் பாத்து, ரொம்ப அபூர்வமா வர்ற ஒரு விகிதத்த பிடிச்சாங்க: 1:1:3:1:1. பேட்டன்ட் இருந்தும் யாரு வேணா யூஸ் பண்ணிக்கோங்கன்னு விட்டுட்டாங்க, கேமரா ஃபோன் பரவ இன்னும் பல வருஷம் ஆச்சு. இப்ப நீங்க எந்த கியூஆர் முன்னாடி ஃபோன காட்டினாலும் அது முதல்ல தேடறது அந்த 1:1:3:1:1தான்.